பதக்கத்தின் விளிம்பு

ஐயா,

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. ‘பஸ்ராவில் செத்தார்’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பதக்கம் ஒன்று இருக்கிறது. ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சுவரில் அவர் பெயர் இருக்குமா? அவரது வீரமரணத்தைச் சிறு நூலாக எழுத ஆசை.

வேலூர் மாவட்ட வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

சுவர் இருக்கட்டும். முதலில் பதக்கத்தை எடுத்து விளிம்பைப் பாருங்கள். ராஜா தலையையும் குதிரையையும் பார்த்துவிட்டு எல்லோரும் பெட்டியை மூடிவிடுகிறார்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அந்த விளிம்பில்தான் பொடி எழுத்தில் இருக்கும். விபூதி போட்டுத் துலக்கித் துலக்கித் தேய்ந்திருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். உலோகத்தையும் கவனியுங்கள். பொதுவாகச் சிப்பாய்க்கு வெள்ளி. மூட்டை தூக்கவும் சாலை போடவும் போன தொழிலாளர் படைக்கு வெண்கலம். வெண்கலமாக இருந்தால் முகம் வாட வேண்டாம். எனக்கு அவர்கள் மேல்தான் ஆர்வம் அதிகம்.

அடுத்து, பெயரை நம்பித் தேடாதீர்கள். முனுசாமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதிவைத்த குமாஸ்தாக்கள் காலம் அது. எண்ணையும் பிரிவையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே எண் பல பிரிவுகளில் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள்.

சுவரில் அவர் பெயர் இருக்க வாய்ப்பு குறைவு. 1929இல் திறக்கப்பட்ட அந்தச் சின்னம் 40,000 பேருக்கு மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் பெயர் பொறித்தவர்கள், இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பொறித்துவிட்டுச் சிப்பாய்களைப் பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையில் முடித்துவிட்டார்கள். இத்தகைய பாகுபாடுகளுக்காக ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். (சுவரும் பழைய இடத்தில் இல்லை. 1997இல் பெயர்த்து நாசிரியா சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.) வெள்ளைக்காரனை மட்டும் சொல்வானேன்? இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை, உயிர்விட்டவர் இத்தனை என்று சொல்லும் பழைய கற்பலகைகள் நம் ஊர்களில் இன்றும் இருக்கின்றன. ஆள் பெயர் அவற்றிலும் இல்லை. உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

‘வீரமரணம்’ என்ற சொல்லை இப்போதே எழுதிவிடாதீர்கள். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், காலராவும் சீதபேதியும் வெயிலும் கொண்டுபோன உயிர்கள் ஏராளம். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் நடக்காத சண்டையில் அவரை நாம் நிறுத்தக் கூடாது. இறந்த தேதி கிடைத்தால், அன்று அவர் பிரிவு எங்கே இருந்தது என்பதை அதன் போர் நாட்குறிப்பில் பார்க்கலாம். அவற்றில் பல லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஒரு சந்தேகம். பதக்கம் வீட்டுக்கு வந்தபோது கைநாட்டு வைத்து வாங்கியது யார்? அவருக்கு மனைவி இருந்தாரா? அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. வீட்டில் எண்பது வயது தாண்டிய பாட்டி யாராவது இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். கியூ ஆவணங்கள் காத்திருக்கும்.

விளிம்பில் இருப்பதை அப்படியே நகல் எடுத்து அனுப்புங்கள்.