டெல்லி ரயிலில் அம்மாவுக்குச் சாப்பாடு

சார், சர்க்கரை உள்ள அம்மாவோட புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கு ஸ்லீப்பரில் போறீங்க, போன தடவை வெஜ் சாப்பாட்டுக்கு 120 ரூபாய் வாங்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ரயிலுக்குள்ள அதோட விலை 80தான். பில் கேளுங்க. கேட்டதுமே பாதிப் பேர் இறங்கி வந்துடுவாங்க. வரலைன்னா ரயில்வே உதவி எண் 139-க்கு போன் போடுங்க.

ஆனா அம்மாவுக்கு விலையைவிட நேரத்துக்குச் சாப்பிடறதுதான் முக்கியம். முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவி வாழையிலையில் மடிச்ச இட்லி போதும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம், ராத்திரிக்குள்ள ஊசிடும். அடுத்த நாளுக்கு நாக்பூர் மாதிரி பெரிய ஸ்டேஷன்ல ஐஆர்சிடிசி இ-கேட்டரிங்ல (ரயில்வேயோட ஆன்லைன் சாப்பாட்டுச் சேவை) டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் நம்பரைப் போட்டு ஆர்டர் பண்ணுங்க, சீட்டுக்கே வரும். ரயில் லேட்டானா சமாளிக்க, பையில் கொஞ்சம் வறுகடலை இருக்கட்டும்.