மாமரத்தடியில் புல் நிற்கவில்லை; பிளக் நட்டால் சரியாகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள உங்கள் வீட்டு முற்றத்தில், மாமரத்தடியில் மட்டும் கிகுயு புல் வழுக்கை விழுந்துவிட்டது என்கிறீர்கள். பிளக், அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த சிறு கட்டியாக வரும் புல் நாற்று, நட்டுச் சரிசெய்யலாம். ஆனால் மறுபடியும் கிகுயுவையே வாங்காதீர்கள். அது வெயில் விரும்பி, நிழலில் எத்தனை முறை நட்டாலும் மெலிந்து போகும். எல்.எம். புல் கேளுங்கள். டர்பன் கரையோரத்துக்குப் பழகிய புல், நிழலைத் தாங்கும்.

செப்டம்பர், அக்டோபரில் நட்டால் கோடை மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இறுகிய மண்ணை மர வேர் அறுபடாமல் கிளறி, மட்கிய உரம் கலந்து, முதலில் நனையுங்கள். 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். பொறுமையில்லாதவர்கள் 10 வைக்கலாம், செலவுதான் கூடும். வேர்க்கட்டி மண் மட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். சுற்றிலும் விரலால் நன்றாக அழுத்துங்கள். அடியில் காற்று தங்கினால் வேர் காய்ந்துவிடும், மேலே எவ்வளவு நீர் ஊற்றினாலும் பயனில்லை.

முதல் 2 வாரம் தினமும் நீர். பிறகு இடைவெளி விட்டு, ஆழமாக. களையைக் கையால் பிடுங்குங்கள். தீபாவளிக்கு வரும் உறவினர்கள் மிதிக்காமலிருக்கக் கயிறு கட்டிவிடுங்கள், பட்டாசையும் தள்ளி வெடிக்கச் சொல்லுங்கள். ஜனவரியிலும் வெற்றிடம் தெரிந்தால், படர்ந்த பக்கத்திலிருந்து ஓடுதண்டை வெட்டி அங்கே நட்டாலே போதும்.