எல்லாம் மரபணுவில் எழுதியபடிதான் என்றால், கர்ப்பத்தில் கவனமாக இருந்து என்ன பயன்?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மரபணுவுக்கு இத்தனை பங்கு, சூழலுக்கு இத்தனை பங்கு என்று கூறு போட முடியாது. எந்த நாளில் எது நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் அது கருவின் முதுகுப்பக்கம் வெறும் தட்டையான தகடு. அதன் இரண்டு ஓரங்களும் எழும்பி, 22-ம் நாள் வாக்கில் நடுவில் ஒட்டி, அங்கிருந்து மேலும் கீழுமாக ஜிப் இழுத்ததுபோல மூடிக்கொண்டே போகும். 28-ம் நாளுக்குள் வேலை முடிந்துவிடும். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது. கீழ்முனை மூடாவிட்டால் தண்டுவடம் திறந்து கிடக்கும்.

பலரும் டாக்டரிடம் முதலில் போவது ஆறாவது வாரத்தில். அது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் கணக்கு. கருவுக்கு அன்று நான்கு வாரம்தான் வயது. குழாயின் கதை அதற்குள் முடிந்திருக்கும். அன்று ஆரம்பிக்கும் ஃபோலிக் ஆசிட் (பி வைட்டமின்களில் ஒன்று) மாத்திரை இந்தக் குறையைத் தடுக்காது. கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்தால் 4 மில்லிகிராம், டாக்டர் எழுதித் தந்து. பத்து மடங்குதானே என்று மல்டிவைட்டமின் பத்தை விழுங்கிவிடாதீர்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் அதுவே கருவைக் கெடுக்கும். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மருந்தும் இந்தக் குறையின் அபாயத்தைக் கூட்டும்; அதைச் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

"மாத்திரை இல்லாத காலத்தில் பிள்ளைகள் பிறக்கவில்லையா?" என்பார்கள். பிறந்தார்கள், பெரும்பாலும் நன்றாகவே. ஆனால் அபாயம் எல்லோருக்கும் ஒன்றல்ல. மரபு நுழைவது அங்கேதான். ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். 1991-ல் வெளியான பிரிட்டன் சோதனையில் அப்படிப்பட்ட தாய்மார்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தபோது பாதிப்பு 72 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு வரத்தான் செய்தது.

இன்னொன்று, ஃபீனைல்கீட்டோனூரியா. உணவுப் புரதத்திலுள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடல் சிதைக்க முடியாத மரபு நோய் இது. இந்த நோயுள்ள தாய் உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ரத்தத்தில் ஏறும் ஃபீனைல்அலனின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், நோயே இல்லாத கருவின் மூளையையும் இதயத்தையும் பாதிக்கும். தாயின் மரபணுதான் இங்கே பிள்ளைக்குச் சூழல்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. குழந்தைக்கு எந்தக் குறை என்றாலும் "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று தாயைத்தான் கேட்கிறார்கள். சராசரி உயரமுள்ள பெற்றோருக்கு அகாண்ட்ரோபிளேசியாவோடு, அதாவது எலும்பு வளர்ச்சி குன்றி உயரம் குறையும் மரபுக் குறையோடு, குழந்தை பிறந்தால், அந்தப் புதிய மரபணு மாற்றம் ஏறக்குறைய எப்போதும் தந்தையின் விந்தணுவில் நேர்ந்தது; தந்தையின் வயதோடு அந்த வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ஆலோசனைக்கு இருவருமாகப் போங்கள், இரண்டு குடும்பங்களின் நோய் விவரத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு.