ஸ்டீவன்சன் நடந்த பாதையில் நானும் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். மகள் பிரான்ஸில் லியோன் நகரில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் அவளிடம் போகும்போது, எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் கழுதையோடு நடந்த, தெற்கு பிரான்ஸின் செவேன் மலைப்பாதையில் தனியாக நடக்க ஆசை. அவர் 12 நாளில் முடித்தார், எனக்கும் 12 நாள் அவகாசம் இருக்கிறது. மகளோ, "மூட்டு வலியை வைத்துக்கொண்டு என்னம்மா இது?" என்கிறாள். நான் சைவம். கழுதை வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த 12 நாள் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டீவன்சன் 1878 செப்டம்பரில் லெ மொனாஸ்தியே என்ற ஊரிலிருந்து சேன் ழான் து கார் வரை நடந்தது சுமார் 200 கிலோமீட்டர். இன்று அவர் பெயரில் இருக்கும் ஜி.ஆர். 70 என்ற நெடுந்தூர நடைபாதை இரண்டு முனையிலும் நீட்டப்பட்டு, லெ புய் நகரிலிருந்து அலெஸ் வரை சுமார் 270 கிலோமீட்டர் போகிறது. அதை 12 நாளில் முடிக்க வேண்டுமானால் தினமும் 22 கிலோமீட்டருக்கு மேல் நடந்தாக வேண்டும், ஓய்வு நாளே கிடைக்காது. அவருக்கு அப்போது வயது 27. உங்கள் மூட்டுக்கு இது வேண்டாம்.

தெற்குப் பாதியை மட்டும் நடங்கள். லியோனிலிருந்து நீம் நகருக்கு ரயில், அங்கிருந்து கிளெர்மோன் போகும் ரயிலில் ஏறி லா பாஸ்தித்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து சேன் ழான் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். எட்டு நாளில் நடந்துவிட்டு, மிச்ச நாளைக் கால் கேட்கும் இடத்தில் ஓய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடக்குப் பாதியும் நல்ல வழிதான், இன்னொரு வருடம் போகலாம். இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் நீங்கள் படித்து மயங்கிய இடங்கள் பெரும்பாலும் தெற்கில்தான் இருக்கின்றன.

முதல் நாள் சாசெராதே வரை 12 கிலோமீட்டர்தான், கால் பழக அது போதும். மறுநாள் லெ ப்ளேமார். அதற்கடுத்த நாள்தான் மோன் லோசேர் மலை. பைன் மரங்களைத் தாண்டியதும் மரமே இல்லாத புல்வெளி வந்துவிடும். மூடுபனியிலும் உறைபனியிலும் வழி தவறாமல் இருக்க அந்தக் காலத்தில் நட்ட ஆளுயரக் கருங்கற்கள் வரிசையாக நிற்கும், ஒன்றைத் தாண்டினால் அடுத்தது தெரியும். உச்சியான ஃபினியேல் 1,699 மீட்டர். ஸ்டீவன்சன் ஓர் இரவு வெட்டவெளியில் பைன் மரங்களுக்கு நடுவே படுத்துறங்கியது இந்த மலையில்தான். காலையில் கிளம்பும்போது, அப்படியொரு தங்குமிடம் தந்ததற்குக் கட்டணமாகப் புல்தரையில் காசுகளைப் போட்டுக்கொண்டே நடந்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போன இடம் அது.

உங்கள் மூட்டுக்குச் சோதனை ஏற்றத்தில் இல்லை, அதற்குப் பிறகு வரும் இறக்கத்தில். லெ போன் த மோன்வேர் கிராமம் வரை ஒரே நாளில் 800 மீட்டர் இறங்க வேண்டும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் கட்டாயம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே படி இறங்கிப் பழகுங்கள், மூட்டு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தக் கிராமத்தில் ஒரு நாள் தங்குவது நல்லது. 1702-இல் அபே து ஷைலா என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இங்கே கொல்லப்பட்டதில்தான், பிரெஞ்சு மன்னருக்கு எதிரான புராட்டஸ்டன்ட் விவசாயிகளின் கமிசார் போர் மூண்டது. புராட்டஸ்டன்ட் மரபில் வளர்ந்த ஸ்காட்லாந்துக்காரரான ஸ்டீவன்சனுக்கு அந்த வரலாறு மிக நெருக்கமானது. அடுத்து ஃப்ளோராக் வரை 28 கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் நடக்காதீர்கள், நடுவில் மிஜாவோல் குக்கிராமத்தில் இடம் கிடைத்தால் தங்கிவிடுங்கள்.

தனியாகப் போவது பற்றிப் பயம் வேண்டாம். வெள்ளை, சிவப்புக் கோடுகள் மரத்திலும் கல்லிலும் வழி காட்டும். இரண்டும் பெருக்கல் குறியாக இருந்தால் அது தப்பு வழி. மாலையில் நடைபயணிகள் விடுதியில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். ஆனால் செப்டம்பர் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். மாதக் கடைசியை நெருங்க நெருங்க அந்தப் பக்கம் திடீரென்று பேய்மழை கொட்டும், ஓடைகள் பெருக்கெடுக்கும்.

சைவம் என்பதை இடம் பிடிக்கும்போதே சொல்லிவிடுங்கள், போய் நின்று சொன்னால் அவர்களும் திணறுவார்கள். லெ புய் பச்சைப் பருப்பு அந்த வட்டாரத்தில் பிரசித்தம், ஆனால் பன்றி இறைச்சியோடு வேகவைப்பது அவர்கள் வழக்கம். சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிண்டும் அலிகோ கிடைத்தால் விடாதீர்கள், பூண்டு வாசத்தோடு நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். கொஞ்சம் ஊறுகாயும் பருப்புப்பொடியும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் கழுதை. கிடைக்கும், 40 கிலோ வரை சுமக்கும். ஆனால் சுமை தூக்க மட்டும் என்றால் கழுதை தேவையில்லை. விடுதிக்கு விடுதி பையைக் கொண்டு சேர்க்கும் வண்டிச் சேவை இருக்கிறது. கழுதை என்றால் காலையும் மாலையும் தேய்த்துவிட வேண்டும், குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சேணத்தின் இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஸ்டீவன்சனையே அவருடைய கழுதை மொதஸ்தீன் முதல் நாட்களில் படாதபாடு படுத்தியது. அவரும் அதை அடித்து ஓட்டினார், படிக்க வருத்தமாகத்தான் இருக்கும். 65 ஃப்ராங்குக்கு வாங்கி, சேணத்தோடு 35-க்கு விற்றுவிட்டு, வண்டியில் ஏறியபின் அதை நினைத்து அழுதார். தனியாக, முதல் தடவையாக, எட்டு நாள் முழுக்க ஒரு கழுதையைப் பொறுப்பேற்காதீர்கள்.

ஆசையை விட வேண்டியதில்லை. மகளை ஒரு சனி, ஞாயிறு ஃப்ளோராக்குக்கு வரச் சொல்லுங்கள். அங்கிருந்து இருவருமாக இரண்டு நாள் கழுதையோடு நடங்கள். கழுதையை எங்கே பெற்றுக்கொள்வது, எங்கே திருப்பி ஒப்படைப்பது என்பதை வாடகைக்குத் தருபவரிடம் முன்பே பேசிவிடுங்கள். இரவில் அதைக் கட்ட மேய்ச்சலிடம் உண்டா என்று விடுதியிலும் கேட்டுவிடுங்கள்.