பதில்: 12 வருட அனுபவம் இருந்தும் பதவி உயர்வு கிடைக்கவில்லை

தம்பி, மொரீஷியஸில் நகரசபையில் 12 வருடம் எழுத்தராக இருந்தும் மேல்பதவி உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்துப் போனது. ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் போர்ட் லூயியில் உள்ள பொது அமைப்புகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மனு போக வேண்டும். சங்கத்தில் பேசிக்கொண்டே நாளைக் கடத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். "நான் சீனியர்" என்பது மட்டும் அங்கே எடுபடாது. இங்கே இந்தப் பதவிகளை நிரப்புவது உள்ளாட்சிப் பணி ஆணையம். கல்வித் தகுதி, அனுபவம், திறமை, பொருத்தம் இவற்றைப் பார்த்த பிறகுதான் பணிமூப்பு. அதனால் அந்தப் பதவியின் ஸ்கீம் ஆஃப் சர்வீஸை, அதாவது அதற்கு வேண்டிய தகுதிகளையும் வேலைகளையும் சொல்லும் ஆவணத்தை, எடுங்கள். அதில் கேட்டிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்களிடம் இருக்கும் சான்றிதழ், வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கை, ஆக்டிங் (மேல்பதவி வேலையைத் தற்காலிகமாக) பார்த்த கடிதம் என்று குறித்து வையுங்கள். நான் முதல் தடவை தோற்றது இதில்தான். 8 மாதம் மேலதிகாரி வேலையைச் செய்தேன், கையில் ஒரு தாள்கூட இல்லை. அந்த வலி உங்களுக்கு வரக்கூடாது.

அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது? இன்றே எழுதுங்கள், மனுவைச் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.