செயற்கை இதயத்தில் இடமும் வலமும் ஒத்துப்போவது எப்படி? – கேள்வி பதில்

இயற்பியல் ஆசிரியர் ஒருவர்: இதயத்தின் இரண்டு பக்கமும் ஒரே வளையத்தில் அடுத்தடுத்து இருப்பவை. வலது தள்ளியதுதான் இடதுக்கு வருகிறது. முழுச் செயற்கை இதயத்தில் இரண்டு பம்பையும் ஒரே அளவில் ஓடவிட்டால் போதாதா?

போதாது. அப்படி ஓடவிட்டால் நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். மூச்சுக்குழாய்ச் சுவர்களுக்கு ஊட்டம் தரும் தமனிகள் பெருந்தமனிப் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. அந்த ரத்தத்தில் பெரும்பகுதி வலது பக்கத்தைத் தொடாமல், நுரையீரல் சிரைகள் வழியே நேராக இடது மேலறையில் வந்து விழுகிறது. அதனால் இடது பம்பு எப்போதும் சற்றுக் கூடுதலாகத் தள்ளியாக வேண்டும். வழக்கமாக இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு விழுக்காடுதான். நாள்பட்ட நுரையீரல் நோயில் இந்தத் தமனிகள் பெருத்துவிட்டால் இன்னும் கூடும்.

ஒன்றிரண்டு விழுக்காடு என்று அலட்சியம் வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் 2 விழுக்காடு என்பது 100 மி.லி. இடது பம்பு அதை எடுத்துச் செல்லாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் நுரையீரல் பக்கம் அரை லிட்டர் கூடுதலாகத் தேங்கும். பெரியவர் ஒருவரின் நுரையீரல் நாளங்களில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அரை லிட்டர்தான். இடது மேலறை அழுத்தம் 25 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் நீர் காற்றறைகளுக்குள் கசியத் தொடங்கும். எதிர்ப்பக்கம் தவறினாலும் ஆபத்து உண்டு. இடது அளவுக்கு மீறி இழுத்தால் மேலறை வற்றி, அதன் சுவரே பம்பின் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

பயோமெடிக்கல் மாணவி: அப்படியென்றால் இரு பக்கமும் ஓட்டமானி வைத்து, இடது 2 விழுக்காடு அதிகம் போகும்படி கட்டுப்படுத்தலாமா?

முதலில் எல்லாருக்கும் தோன்றும் வழி இதுதான். நடைமுறைக்கு ஒத்து வராது. நல்ல அல்ட்ராசவுண்ட் ஓட்டமானிக்கே சில விழுக்காடு பிழை உண்டு. நீங்கள் தேடும் வித்தியாசம் அந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். அந்த 2 என்ற எண்ணும் நிலையானது இல்லை. இருமினாலும், எழுந்து நின்றாலும், ரத்த அழுத்தம் ஏறினாலும் மாறும்.

ஓட்டத்தை ஒப்பிடாதீர்கள், மேலறை அழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டத்தில் உள்ள சிறு பிழை நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்து, கடைசியில் மேலறை அழுத்தமாகத்தான் வெளிப்படும். வெற்றி பெற்ற வடிவமைப்புகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்த அழுத்தத்தையே வழிகாட்டியாகக் கொண்டவை.

தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்: சின்கார்டியா என்ற முழுச் செயற்கை இதயம் வைத்த நோயாளிக்கு "பாதி நிரப்பு, முழுக்க வெளியேற்று" என்கிறார்கள். ஏன் முழுக்க நிரப்பக் கூடாது?

சமன் செய்வதன் சூட்சுமமே அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. சின்கார்டியாவின் கீழறை 70 மி.லி. கொண்டது, காற்றால் இயங்குவது. அதை 50 முதல் 60 மி.லி. வரை மட்டும் நிரம்பும்படி வைக்கிறோம். 55 மி.லி., நிமிடத்துக்கு 125 துடிப்பு என்றால் ஏறக்குறைய 6.9 லிட்டர். மீதி 15 மி.லி. சேமிப்பு. இடது மேலறையில் ரத்தம் கூடினால் அடுத்த துடிப்பில் இடது அறை தானாகவே 57, 58 என்று நிரம்பி அதை வெளியே தள்ளிவிடும். யாரும் எந்தக் குமிழையும் திருக வேண்டியதில்லை. 70-ஐ எட்டிவிட்டால் இந்த வசதி போய்விடும். வருவதெல்லாம் பின்னால் தேங்கும். நிரப்பளவு 65-ஐ நெருங்கினால் துடிப்பு வேகத்தைக் கூட்டுவது இதனால்தான்.

வெளியேற்றும் அழுத்தத்துக்குப் பழக்கத்தில் உள்ள விதி: இடது பக்கம் நோயாளியின் மேல் ரத்த அழுத்தத்தைவிடச் சுமார் 60 மி.மீ. அதிகம், வலது பக்கம் நுரையீரல் தமனியின் மேல் அழுத்தத்தைவிடச் சுமார் 30 மி.மீ. அதிகம். சாதனத்தை வெளியிலிருந்து இயக்கும் கன்சோலின் திரையில் அழுத்தக் கோட்டின் முடிவில் ஒரு சிறு கூர்முனை எழும். அறை முழுக்கக் காலியானதற்கு அதுதான் அடையாளம். இரு பக்கமும் அது தெரிகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள். நான் மிகவும் அஞ்சும் நிலை, இடது பக்கக் கூர்முனை மட்டும் மறைவது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், காற்றுக் குழாய் மடங்கியிருக்கலாம். வலது வழக்கம்போல் முழுக்கத் தள்ளிக்கொண்டிருக்கும், இடது மிச்சம் வைக்கும், நடுவில் நுரையீரல் நிரம்பும். மிச்சம் நிற்கும் ரத்தம் உறையவும் செய்யும். முதலில் குழாயைக் கையால் தடவிப் பாருங்கள், பிறகு ரத்த அழுத்தம்.

பெர்ஃபியூஷன் தொழில்நுட்பர் (அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்): நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும்வரை நிரப்பளவு நன்றாக இருந்தது. மூடியதும் இறங்கிவிட்டது. எங்கே தேடுவது?

எந்தப் பக்கம் இறங்கியது என்பதைப் பொறுத்தது. இடது மட்டும் இறங்கி, நுரையீரல் தமனி அழுத்தம் ஏறினால், சாதனம் இடது நுரையீரல் சிரைகளை அழுத்துகிறது என்று சந்தேகப்படுங்கள். வலது இறங்கி மைய சிரை அழுத்தம் ஏறினால் கீழ்ப் பெருஞ்சிரை நசுங்கியிருக்கலாம், ரத்தம் கட்டியும் அழுத்தலாம். இரண்டு பக்கமும் இறங்கி, சிரை அழுத்தமும் குறைந்திருந்தால் ரத்தமே போதவில்லை. உணவுக்குழாய் வழி எக்கோ அங்கேயே விடை சொல்லிவிடும். நசுங்கல் என்றால் நெஞ்சைத் திரும்பத் திறந்து சாதனத்தை நகர்த்த வேண்டும், மருந்தால் தீராது. பத்தாவது முதுகெலும்பு மட்டத்தில் மார்பெலும்புவரை 10 செ.மீ. இடம் வேண்டும் என்று 70 மி.லி. சாதனத்துக்கு முன்கூட்டியே அளப்பது இதைத் தவிர்க்கத்தான்.

நிரப்பளவைக் கூட்ட வெற்றிட உறிஞ்சலைப் பயன்படுத்துவோம், மைனஸ் 10 மி.மீ. அளவில். நெஞ்சு மூடும் முன் அதைத் தொடவே கூடாது. தையல் இடுக்கு வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு மூளைக்குப் போகும்.

இயந்திரவியல் பொறியாளர்: காற்றால் இயங்காத வடிவமைப்புகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

2001-இல் அமெரிக்காவின் லூயிவில்லில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட அபியோகோரில் ஒரே திரவம் இடமும் வலமும் மாறி மாறிப் பாயும். இடது சுருங்கினால் வலது விரியும். இரண்டுக்கும் ஒரே வீச்சு என்பதால் இடது நுழைவாயில் அருகே தனியாக ஒரு சமன் அறை வைத்தார்கள். வலதுக்குப் போக வேண்டிய திரவத்தில் ஒரு பங்கு அங்கே திரும்ப, வலது வீச்சு குறையும். பிரான்சின் கார்மாட் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எண்ணெய்ப் பம்புகளை வைத்து, உணரிகளின் தகவலைக் கொண்டு வீச்சைத் தனித்தனியே மாற்றுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு பைவாகோருடையது. டேனியல் டிம்ஸ் வடிவமைத்த இதில் அசையும் பாகம் ஒன்றே ஒன்று: காந்தத்தில் மிதக்கும் சுழலி. அதன் ஒரு முகத்தில் இடது பக்க இதழ்கள், மறு முகத்தில் வலது பக்க இதழ்கள். சுழலி இடதுபுறம் சற்று நகர்ந்தால் அங்கே இடைவெளி குறுகி இடது பம்பு வலுக்கும், வலது தளரும். மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு போதும். வால்வு கிடையாது, சவ்வு கிடையாது. 2024 ஜூலையில் ஹூஸ்டனில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். மாற்று இதயம் கிடைக்கும்வரை எட்டு நாள் ஓடியது.

இறுதியாண்டு புராஜெக்ட் மாணவர்: ஆய்வகத்தில் செயற்கைச் சுற்றோட்டம் கட்டுகிறோம். மூச்சுக்குழாய்த் தமனிகள் வழியே இடது மேலறைக்கு வரும் கூடுதல் ரத்தத்தை எப்படிக் காட்டுவது?

ரத்தத்துக்குப் பதில் எடையில் 40 விழுக்காடு கிளிசரின் கலந்த தண்ணீர். அறை வெப்பத்தில் பாகுநிலை ரத்தத்துக்கு நெருக்கமாக இருக்கும். பெருந்தமனிக்கு மூடிய உருளை, உள்ளே ஒரு லிட்டர் காற்று. 90 மி.மீ. அழுத்தத்தில் அதன் நெகிழ்வு 1000-ஐ 850-ஆல் (வளிமண்டல அழுத்தம் 760 + 90) வகுத்தால் வரும் 1.2 மி.லி./மி.மீ. உடலுக்கு ஏற்ற அளவுதான். அந்த உருளையிலிருந்து இடது மேலறைத் தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாய், அதில் திருகு கிளாம்ப். அளவு குவளையும் ஸ்டாப் வாட்சும் வைத்து நிமிடத்துக்கு 100 மி.லி. வரும்படி திருகுங்கள், பிறகு 300 வரை கூட்டிப் பாருங்கள்.

மேலறைத் தொட்டிகளைத் திறந்தே வையுங்கள். மட்டம் 1 செ.மீ. உயர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 0.8 மி.மீ. உயர்ந்திருக்கிறது. சமன் கெட்டால் இடது தொட்டி ஏறுவதும் வலது தொட்டி இறங்குவதும் கண்ணுக்கே தெரியும். இரண்டு தொட்டியும் குறுகலாக இருந்தால் சில நொடியில் வழிந்துவிடும். அகலமாக எடுங்கள்.

நோயாளியின் மகள்: அப்பாவுக்கு ஹார்ட்மேட் 3 வைத்திருக்கிறார்கள். "ஓட்டம் குறைவு" என்று அலாரம் வருகிறது. வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

கூட்டக் கூடாதும்மா. அது இடது பக்கத்துக்கு மட்டும் துணை நிற்கும் பம்பு. வலது பக்கம் அப்பாவின் சொந்த இதயம். வலது கொடுத்தால்தான் இடது தள்ள முடியும். வேகத்தை அதிகமாக்கினால் நடுச்சுவர் இடப்பக்கம் இழுபட்டு, வலது இன்னும் பலவீனமாகும். எக்கோ பார்த்துக்கொண்டே மருத்துவமனையில்தான் வேகத்தை மாற்றுவார்கள்.

அலாரம் வந்தால் உடனே மையத்தின் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். திரையில் தெரியும் வேகம், ஓட்டம், துடிப்புக் குறியீடு, மின்திறன் நான்கையும் சொல்லுங்கள். கூடவே இன்றைய எடையும் நேற்றைய எடையும். எடை குறைந்து, வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் நீர் வற்றியிருக்கலாம். எடை ஏறி, கால் வீங்கி, வயிறு உப்பினால் வலது பக்கம் தளர்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். ஒன்றுக்குத் திரவம் ஏற்றுவார்கள், மற்றதுக்குத் திரவத்தை வெளியேற்றுவார்கள். அதனால் அவர்கள் சொல்லும் முன் தண்ணீர் நிறையக் கொடுக்கவும் வேண்டாம், நீர் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம்.