ஒரே ஆள், இரண்டு மேடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் என் தம்பி போன் எடுத்தால் பிரெஞ்சு அரசியல்தான். அங்கே ஒரு தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு ஊர் மேடையில் பேசினாராம், அந்தப் பிரசாரத்தைப் பார்த்துக்கொண்ட பெண் இப்போது எம்.பி.யாம். கயிறு திரிக்கிறானா?
- வாசகி, உப்புவெளி

பதில்: இல்லை, தம்பி சொன்னது சரி. பெண்ணின் பெயர் சோபியா ஷிக்கிரு, 1979இல் பிறந்தவர், அல்ஜீரிய வேர் உள்ள குடும்பம். முதலில் சோசலிஸ்ட் கட்சி, அப்புறம் தம்பி சொன்ன அந்தத் தலைவர், இடதுசாரி ழான்-லுக் மெலான்ஷோன் பக்கம். 2012 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்காகப் பத்திரிகைக்காரர்களைக் கவனித்தார், 2016இல் அமெரிக்கா போய் அங்கே ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற பேர்னி சாண்டர்சின் பிரசாரத்தைக் கிட்ட இருந்து பார்த்தார், 2017இல் மெலான்ஷோனின் தொடர்பாடல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அந்த இரட்டை மேடை 2017 பெப்ரவரி 5இல். மெலான்ஷோன் ஆள் லியோனில், உருவம் பாரிசுக்குப் பக்கத்து ஓபெர்வில்லியேயில். ஹொலோகிராம் என்றார்கள், ஆனால் அது பழைய நாடகக் கொட்டகை வித்தைதான்: மேடையில் சரிவாகக் கட்டிய கண்ணாடி மாதிரித் தாளில் படம் பட்டுத் தெறிக்கும். கொழும்பு இரவு பஸ்ஸில் கந்தளாய் தாண்டும்போது உங்கள் முகம் ஜன்னலுக்கு வெளியே காட்டில் மிதக்குமே, அதேதான். ஏப்ரலில் ஆள் திஜோனில் நிற்க உருவம் இன்னும் ஆறு இடங்களில் நின்றது, அதில் ஒன்று நம்மவர் வழிவந்தவர்கள் காவடி எடுக்கிற ரியூனியன் தீவு.

மோடி இதை முன்பே செய்துவிட்டதால் புதுமை என்று நான் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் பெரிய காரியம் யூடியூப்தான். டிவிக்காரர் கூப்பிடட்டும் என்று காத்திராமல் வாராவாரம் நேரே சனத்தோடு பேசினார்கள். 2012இல் 11.1 வீத வாக்கு எடுத்த மெலான்ஷோன் 2017இல் 19.58 வீதம் எடுத்தார். அதற்காக எல்லாப் புகழும் ஷிக்கிருவுக்கு இல்லை, சோசலிஸ்ட் வேட்பாளர் 6 வீதத்துக்குச் சரிந்ததும் ஒரு காரணம்.

கேள்வி: ஷிக்கிருமேல் ஏதோ வழக்காமே?
- அதே வாசகி

பதில்: ஓம். பிரான்சில் ஜனாதிபதி வேட்பாளர் முதல் சுற்றில் 5 வீதம் தாண்டினால், செலவு உச்சவரம்பில் 47.5 வீதம் வரை அரசு திருப்பிக் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு பில்லையும் துருவிப் பார்ப்பார்கள். 2017 பிரசாரத்துக்குப் பில் போட்டது ஷிக்கிருவின் சொந்த நிறுவனம், தொகை கூட என்று விசாரணை வந்தது, 2024இல் அவர்மேல் முறைப்படி குற்றச்சாட்டும் வந்தது. அவர் மறுக்கிறார். இதற்கிடையில் 2022இலும் 2024இலும் பாரிசின் 6ஆம் தொகுதியில் முதல் சுற்றிலேயே வென்றுவிட்டார். சொந்தக் கட்சியின் பிரசாரத்துக்குச் சொந்தக் கம்பனி பில் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை, அது வேறு கதை.

கேள்வி: அந்த வித்தை நம்ம திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் சரிவருமா?
- வாசகர், தம்பலகாமம்

பதில்: அதற்கு மூடிய, இருட்டான மண்டபம் வேண்டும். அதோடு கரண்ட் போனால் தலைவரும் போய்விடுவார்.